சிறு பட்டறையிலிருந்து பெரிய ஆலைக்கு

ஜாம்ஷெட்பூர் நகரின் ஓரமாகக் கர்காய் என்னும் ஆறு ஓடுகிறது. சற்றுத் தொலைவு சென்று சுவர்ணரேகை நதியோடு அது கலந்துவிடுகிறது. ஆற்றின் ஒரு கரையில், 1907-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்று 1912-இல் முதன்முதலாக எஃகு வடித்த டாட்டா எஃகு ஆலை இருக்கிறது. 1945-இல் தோன்றி, முதலில் ரயில் எஞ்சின்களையும், 1954 முதல் லாரிகளையும் செய்து புகழ்பெற்ற மோட்டார் தொழிற்சாலையும் அதே கரையில்தான் இருக்கிறது. மறு கரை ஆதித்யபூர். அங்கே நூற்றுக்கணக்கான சிறு தொழிற்கூடங்கள். அச்சுகள், பற்சக்கரங்கள், வார்ப்படங்கள், தகட்டில் அடித்தெடுத்த உறுப்புகள் ஆகியவற்றைச் செய்து, ஆற்றைக் கடந்து பெரிய ஆலைகளுக்கு அனுப்புவதே அவற்றில் பலவற்றின் பிழைப்பு. பொருள்கள் போகும் அதே பாலத்தின் வழியாக மனிதர்களும் போகிறார்கள். சிறு கூடத்தில் ஐந்தாறு ஆண்டுகள் தொழில் பழகிய ஒருவர், பெரிய ஆலையில் இடம் கிடைத்தவுடன் அங்கே சென்று சேருகிறார். இது ஜாம்ஷெட்பூருக்கு மட்டும் உரிய காட்சியன்று. புனே, லூதியானா, ராஜ்கோட், ஃபரீதாபாத், கோயம்புத்தூர் என்று சிறியதும் பெரியதுமாகத் தொழில்கள் அருகருகே வளர்ந்த ஊர்கள் எல்லாவற்றிலும் இதைக் காணலாம்.

பாலத்தைக் கடந்தவரிடம் ஆறு மாதம் கழித்து விசாரித்தால் இரண்டு செய்திகள் கிடைக்கும். சம்பளம் கூடியிருக்கிறது, விடுமுறை உண்டு, மருத்துவ வசதி உண்டு என்பது ஒன்று. "அங்கே ஒரு திருகாணி வாங்க வேண்டுமானாலும் மூன்று பேர் கையெழுத்திட வேண்டியிருக்கிறது; நான் பழைய இடத்தில் ஒரு மணி நேரத்தில் முடித்த காரியத்துக்கு இங்கே ஒரு வாரம் ஆகிறது" என்பது மற்றொன்று. முதற்செய்திக்கு விளக்கம் தேவையில்லை. இரண்டாவதுதான் ஆராயத்தக்கது. திறமையுள்ள பலர் பெரிய நிறுவனத்தில் சேர்ந்த முதல் ஆண்டிலேயே மனம் கசந்து போவதற்கும், சில வேளைகளில் அபாயத்துக்கு உள்ளாவதற்கும் அந்தத் தாளும் கையெழுத்தும் எதற்காக ஏற்பட்டன என்பதை யாரும் அவர்களுக்கு எடுத்துச் சொல்லாததே காரணம் என்பது என் அபிப்பிராயம்.

இருபத்தைந்து பேர் வேலை செய்யும் ஒரு பட்டறையை எடுத்துக்கொள்வோம். காலையில் முதலாளி உள்ளே நுழையும்போதே எந்த லேத் ஓடுகிறது, எது ஓடவில்லை என்பதை ஓசையைக் கொண்டே அறிந்துவிடுகிறார். மூன்றாவது இயந்திரத்தில் பேரிங் தேய்ந்து இரைச்சல் போடுகிறது என்றால், அதைக் கேட்பவரும், கழற்றிப் பார்ப்பவரும், கடைக்கு ஆள் அனுப்பிப் புதிய பேரிங் வாங்கி வரச் செய்பவரும், மாலைக்குள் பூட்டி ஓட்டுபவரும் ஒரே மனிதராக இருப்பார். மிஞ்சினால் இருவராக இருப்பார்கள். எழுதிவைக்க வேண்டிய அவசியமே இல்லை. அறிந்தவனே செய்கிறான், செய்தவனே நாளைக்கும் அங்கே நிற்கப்போகிறான். சம்பளத்தில் முன்பணம், மகள் கல்யாணத்துக்கு உதவி, இரண்டு நாள் அதிக விடுப்பு எல்லாம் முதலாளியின் நினைவிலும் மனத்திலும் நடைபெறும் வரவு செலவுகள். நல்ல முதலாளியாயின் இது தாராளமாக நடக்கும். அல்லாதவராயின் கேட்கவே வாய் வராது. நல்லவரே ஆனாலும், அவர் நோயுற்று ஒரு மாதம் படுத்துவிட்டால் பட்டறையும் பாதி படுத்துவிடும். ஏனெனில் பட்டறை அவர் தலைக்குள்தான் இருந்தது.

இனிப் பெரிய ஆலையைப் பார்ப்போம். அதே பேரிங், அதே இரைச்சல். அதைக் கேட்பவர் இரண்டாம் ஷிப்டில் இயந்திரம் ஓட்டுபவர். பழுது பார்ப்பவர் பராமரிப்பு இலாகாவைச் சேர்ந்தவர். அவர் வருவது மறுநாள் காலையாக இருக்கலாம். பேரிங் இருப்பில் உண்டா என்று அறிந்தவர் பண்டகசாலைக்காரர். இல்லையென்றால் வாங்குபவர் கொள்முதல் இலாகாவில் இருக்கிறார். அவர் அந்த இயந்திரத்தைக் கண்ணால் கூடப் பார்த்தவரல்லர். பணம் கொடுப்பவர் கணக்கு இலாகாவினர். ஆலை ஓரிடத்திலும் அவர் காரியாலயம் வேறு நகரத்திலும் இருப்பதுண்டு. ஐந்து பேரும் ஐந்து இடத்தில், ஐந்து வேளையில் வேலை செய்கிறார்கள். ஒருவர் அறிந்ததை மற்றவர் அறிய வழி என்ன? எழுத்து ஒன்றுதான். இன்று அது தாளில் இல்லாமல் கணினித் திரையில் இருக்கலாம். அதனால் தத்துவம் மாறிவிடவில்லை. சிறு பட்டறையில் அறிபவரும் செய்பவரும் ஒருவரே. பெரிய ஆலையில் அறிபவர் ஒருவர், செய்பவர் இன்னொருவர். இருவரையும் இணைக்கும் கயிறு அந்தக் குறிப்புத்தான். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பெரிய நிறுவனத்தின் நடைமுறைகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் விளங்கிவிடும்.

ஜெர்மானியச் சமூகவியல் அறிஞர் மாக்ஸ் வெபர், பெரிய நிர்வாகங்களின் இலக்கணத்தை வகுத்தபோது, எழுத்து ஆவணம், வரையறுத்த அதிகாரம், பதவி வேறு அதில் அமர்ந்திருக்கும் ஆள் வேறு என்னும் பிரிவினை ஆகியவற்றை முக்கிய அம்சங்களாக எடுத்துக் காட்டினார். அவர் 1920-இல் காலமான பின்பு, 1922-இல் அவருடைய பெருநூல் முழுமையாக வெளியாயிற்று. இந்த அமைப்பின் ஆற்றலைக் கண்டு வியந்த அவரே, மனிதனை அது ஓர் இரும்புக் கூட்டுக்குள் அடைத்துவிடக் கூடும் என்றும் அஞ்சினார். பட்டறையிலிருந்து வந்தவர் முதல் மாதத்தில் உணர்வது அந்தக் கூட்டைத்தான். ஆற்றலை உணர்வதற்குக் காலம் பிடிக்கிறது.

குறிப்பு எழுதுவது வெறும் சடங்கன்று, உயிர் சம்பந்தப்பட்ட காரியம் என்பதற்கு உலகத் தொழில் வரலாற்றில் மறக்க முடியாத உதாரணம் ஒன்று உண்டு. ஸ்காட்லாந்துக்கு வடகிழக்கே வடகடலில் பைப்பர் ஆல்ஃபா என்னும் எண்ணெய் மேடை இருந்தது. கடலுக்கடியிலிருந்து எண்ணெயும் வாயுவும் எடுக்கும் அந்த மேடையில், திரவ நிலையில் உள்ள வாயுப் பொருளை உந்தி அனுப்ப இரண்டு பம்புகள் இருந்தன. ஒன்று ஓட, மற்றது மாற்றாக நிற்கும். 1988-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் தேதி பகலில், நின்றிருந்த பம்பின் பாதுகாப்பு வால்வைப் பழுது பார்ப்பதற்காகக் கழற்றினார்கள். கழற்றிய வாயை ஒரு தகடு வைத்து மூடினார்கள். மாலைக்குள் வேலை முடியவில்லை. அதற்கான அனுமதிச் சீட்டு ஒன்று இருந்தது. ஆயின் ஷிப்ட் மாறும்போது அந்தச் செய்தி இரவு ஆட்களுக்குப் போய்ச் சேரவில்லை. இரவு பத்து மணி அளவில் ஓடிக்கொண்டிருந்த பம்பு நின்றுவிட்டது. மேடையின் மின்சாரமே அதை நம்பியிருந்தது. மாற்றுப் பம்பை ஓட்டலாமா என்று இரவு ஆட்கள் ஆராய்ந்தார்கள். அந்தப் பம்பைப் பற்றிய வேறொரு சீட்டு அவர்களுக்குத் தெரிந்திருந்தது; வால்வு கழற்றப்பட்டதைக் கூறும் சீட்டு தெரிந்திருக்கவில்லை. பம்பை ஓட்டினார்கள். தகட்டின் வழியே வாயு பீறிட்டு வெடித்தது. 167 பேர் மாண்டார்கள்.

கல்லன் பிரபு தலைமையில் நடைபெற்ற விசாரணையின் அறிக்கை 1990-இல் வெளிவந்தது. அதில் 106 பரிந்துரைகள் இருந்தன. மேடையின் தீத் தடுப்பு அமைப்பு, அவசரகாலத் தலைமை எனப் பல குறைகளை அது எடுத்துக் காட்டியது. நம் பொருளுக்கு வேண்டியது ஒன்றே. பகலில் வால்வைக் கழற்றியவர் தம் வேலையை அறியாதவர் அல்லர். இரவில் பம்பை ஓட்டியவரும் அறியாதவர் அல்லர். இருவரும் ஒரே மனிதராய் இருந்திருந்தால் விபத்து நேர்ந்திராது. இருவராய் இருந்தார்கள், நடுவில் இருந்த சீட்டு போய்ச் சேரவில்லை.

சிறு பட்டறையில் பழகியவருக்கு இதனால் தனிப்பட்ட அபாயம் ஒன்று ஏற்படுகிறது. அவர் கைவேகம் உள்ளவர். இயந்திரம் சிக்கிக்கொண்டால் நிறுத்திவிட்டுக் கையை விட்டு எடுத்துப் பழகியவர். பட்டறையில் ஸ்விட்ச் அவர் கண்ணெதிரே இருந்தது. அவருக்குத் தெரியாமல் யாரும் அதைத் தொட மாட்டார்கள். ஆலையிலோ ஸ்விட்ச் அறுபது அடி தள்ளி, வேறொரு அறையில், வேறொருவர் பொறுப்பில் இருக்கிறது. அதனால்தான் பழுது பார்க்கப்போகும் ஒவ்வொருவரும் தம் சொந்தப் பூட்டை அந்த ஸ்விட்சில் மாட்டி, சாவியைத் தம் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்று விதி செய்திருக்கிறார்கள். நான்கு பேர் இறங்கினால் நான்கு பூட்டு தொங்கும். கடைசி மனிதர் வெளியே வந்து தம் பூட்டை எடுக்கும்வரை இயந்திரத்துக்கு உயிர் வராது. "இரண்டு நிமிஷ வேலைக்குப் பூட்டு எதற்கு?" என்று புதிதாய் வந்தவருக்குத் தோன்றும். கெட்டிக்காரருக்குத்தான் அப்படித் தோன்றும் என்பதே இதிலுள்ள சங்கடம்.

எல்லாத் தாள்களும் பூட்டைப் போல அவசியமானவை என்று சொல்லிவிட முடியாது. பெரிய நிறுவனங்களில் நடமாடும் படிவங்களில் கணிசமானவை, என்றோ ஒரு நாள் நேர்ந்த ஒரு தவறுக்காக உண்டாக்கப்பட்டு, அந்தத் தவறு மறந்துபோன பிறகும் வாழ்ந்துகொண்டிருப்பவை. எவரும் படிக்காத அறிக்கையை மாதந்தோறும் எழுதும் இலாகாக்களும் உண்டு. புதிதாக வந்தவருடைய கண்ணுக்கு அந்த வீண் உடனே தெரிகிறது. ஆனால் எது வீண், எது யாரோ ஒருவருடைய உயிருக்குக் காப்பு என்பதை முதல் ஆறு மாதத்தில் பிரித்தறிய அவரால் இயலாது. ஆகையால் அதுவரை எல்லாவற்றையும் செய்துகொண்டே, ஒவ்வொன்றுக்கும் காரணம் கேட்டுக் குறித்துக்கொள்வது நலம். அதன் பின்பு, இன்ன படிவம் இன்னாருக்குப் பயன்படவில்லை என்று எடுத்துச் சொன்னால், கேட்பவர் இருப்பார். சேர்ந்த இரண்டாம் வாரத்தில், "எங்கள் பழைய இடத்தில் இப்படியெல்லாம் கிடையாது" என்று தொடங்குபவருடைய பேச்சை, அது முற்றிலும் உண்மையாயினும், எவரும் காதில் வாங்குவதில்லை.

கையெழுத்துகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பட்டறையில் மேற்பார்வையாளராக இருந்தவர் ஐயாயிரம் ரூபாய்க்குச் சாமான் வாங்க வாயால் உத்தரவிட்டிருப்பார். ஆலையில் அவர் பதவிக்கு உள்ள செலவு அதிகாரம் அதைவிடக் குறைவாக இருக்கலாம். தம்மை நம்பவில்லை என்று அவர் வருந்துவது இயல்பே. ஆனால் விதி அவரைப் பற்றியதே அன்று. அந்த நாற்காலியைப் பற்றியது. அவருக்கு முன்பு அதில் இருந்தவருக்கும், பின்பு வரப்போகிறவருக்கும் அதே அளவுதான். பட்டறையில் அவருக்கிருந்த அதிகாரம் முதலாளி அவர்மீது கொண்டிருந்த நம்பிக்கையிலிருந்து வந்தது. முதலாளியின் மகன் பொறுப்பேற்ற அன்றே அது போய்விட்டிருக்கவும் கூடும்.

இதே காரணத்தால் ஒருவருடைய உழைப்பும் எழுத்தில் ஏற வேண்டியதாகிறது. பட்டறையில் அவர் வேலை முதலாளியின் கண்ணெதிரே நடந்தது. ஆலையில் அவருக்குப் பதவி உயர்வு தரலாமா என்று முடிவு செய்யும் குழுவில், அவர் வேலையை நேரில் கண்டவர் ஒருவர் இருந்தால் அதுவே அதிகம். மற்றவர்கள் படிப்பது ஆண்டு மதிப்பீட்டுத் தாளை. தம்மைத் தாமே புகழ்ந்துகொள்வதா என்று கூசுகிறவர்கள் பலர். புகழ வேண்டியதில்லை. இன்ன மாதம் இன்ன இயந்திரத்தின் நிறுத்த நேரம் இத்தனை மணியிலிருந்து இத்தனை மணியாகக் குறைந்தது என்று மாதத்துக்கு நான்கு வரி எழுதிவைத்தால் போதும். ஆண்டு முடிவில் மேலதிகாரிக்கே அது உபகாரமாக இருக்கும்; அவரும் நினைவிலிருந்து எழுத முடியாதவர்தான்.

பதவிப் பெயரில் ஒரு சரிவு நேர்வதும் உண்டு. இருபத்தைந்து பேருக்கு நடுவில் "மானேஜர்" என்று அழைக்கப்பட்டவர், பல்லாயிரம் பேர் நடுவில் இளநிலைப் பொறியாளராகவோ உதவி மேற்பார்வையாளராகவோ ஆகிறார். உறவினர்களிடம் இதை விளக்கிச் சொல்வதுதான் சிலருக்குப் பெரும்பாடு! உண்மையான இழப்பு பெயரில் இல்லை. வேலையின் வீச்சில் இருக்கிறது. பட்டறையில் அவர் விலை பேசினார், அளந்தார், கடைந்தார், ஏற்றி அனுப்பினார், பாக்கியும் வசூலித்தார். ஒரு பொருளின் பிறப்பு முதல் பணம் வரும்வரை அறிந்திருந்தார். இங்கே அவருக்குக் கிடைப்பது அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி. அந்தக் கண்ணியை ஆழமாகக் கற்கலாம். நுண்ணிய அளவு கருவிகள், உலோகப் பரிசோதனை, உலகத் தரம் என்று பட்டறையில் காணவே முடியாதவற்றையும் காணலாம். ஆனால் முழுமையை அறிந்திருந்த கண்ணை மூடிவிடக் கூடாது. பெரிய ஆலையிலேயே பயிற்சி பெற்று வளர்ந்தவர்களுக்குக் கிடைக்காத சொத்து அது. ஓர் இலாகாவில் செய்யும் சிறு மாற்றம் மூன்றாவது இலாகாவில் என்ன செலவை உண்டாக்கும் என்பது இவருக்குத்தான் முதலில் தெரியும்.

பணத்தைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும். தயவாக இருந்ததை விதியாக எழுதிவைத்ததில் பெரிய நிறுவனங்களுக்கு ஒரு பங்கு உண்டு. கர்காய் ஆற்றங்கரையிலுள்ள அதே எஃகு ஆலையில் எட்டு மணி நேர வேலை 1912-இலும், சம்பளத்துடன் விடுப்பும் சேமநல நிதியும் 1920-இலும், ஓய்வுபெறும்போது பணிக்கொடை 1937-இலும் வந்துவிட்டன. சேமநல நிதிக்கான இந்தியச் சட்டம் பிறந்தது 1952-இல். பணிக்கொடைச் சட்டம் 1972-இல். இவ்விரண்டும் இப்போது 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் அடங்கியுள்ளன. அது 2025-ஆம் ஆண்டு நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. சட்டத்தின் வாயிலாக இவ்வுரிமைகள் சிறு தொழில்களுக்கும் வந்திருக்கின்றன. இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் சேமநல நிதியும், பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் பணிக்கொடையும் உண்டு. ஆகவே பட்டறையை விட்டுப் போகிறவர் வெறுங்கையோடு போக வேண்டியவர் அல்லர்.

பணிக்கொடையை முதலில் கவனிப்போம். நிரந்தர ஊழியருக்கு ஐந்தாண்டுத் தொடர்ச்சியான சேவை வேண்டும். குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் இருப்பவருக்குப் புதிய சட்டத்தின்படி ஓராண்டே போதும். கணக்கிடும் முறை எளிது. கடைசி மாத ஊதியத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, சேவை ஆண்டுகளால் மீண்டும் பெருக்க வேண்டும். கணக்கில் வரும் ஊதியம் 26,000 ரூபாய், சேவை ஆறு ஆண்டு என்றால் கிடைப்பது 90,000 ரூபாய். இந்தச் சேவை ஒரு நிறுவனத்திலிருந்து மறு நிறுவனத்துக்குத் தொடராது. புதிய இடத்தில் முதலாம் நாளிலிருந்து எண்ணிக்கை தொடங்கும். ஆகையால் ஐந்தாண்டு நிறையும் தறுவாயில் இருப்பவர், ராஜினாமாக் கடிதம் எழுதுமுன் நாள்காட்டியைப் பார்ப்பது நல்லது.

சேமநல நிதியின் இயல்பு இதற்கு மாறானது. அது நிறுவனத்தைச் சேர்ந்ததன்று, ஆளைச் சேர்ந்தது. 2014 முதல் ஒவ்வொருவருக்கும் ஒரே நிரந்தர எண் வழங்கப்படுகிறது. வேலை மாறினாலும் எண் மாறாது. பழைய கணக்கில் உள்ளதைப் புதிய கணக்குக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் நம்மவரில் பலர், வேலை மாறும்போது கையில் பணம் தேவைப்படுகிறதே என்று அதை எடுத்துவிடுகிறார்கள். எடுப்பதால் நேரும் நஷ்டம் வட்டியோடு நிற்பதில்லை. முதலாளி செலுத்தும் பங்கில் ஒரு பகுதி ஓய்வூதியக் கணக்குக்குப் போகிறது. 1995-ஆம் ஆண்டின் ஓய்வூதியத் திட்டப்படி, பத்தாண்டுச் சேவை இருந்தால்தான் 58 வயதில் மாதாமாதம் ஓய்வூதியம் உண்டு. பட்டறையில் ஆறு ஆண்டு, ஆலையில் நான்கு ஆண்டு என்றால் பத்து நிறைந்துவிட்டது. பட்டறைக் காலத்து ஓய்வூதியப் பணத்தை எடுத்துவிட்டவருக்கோ அந்த ஆறும் கணக்கிலிருந்து அழிந்துபோகிறது. பெயரில் ஓர் எழுத்து, பிறந்த தேதியில் ஓர் எண் மாறியிருந்தாலும் கணக்குகளை இணைப்பதில் தடங்கல் நேரும். பட்டறையின் கணக்குப்பிள்ளை பக்கத்தில் இருக்கும்போதே இதைத் திருத்திக்கொள்வது எளிது. ஐந்து ஆண்டு கழித்து, பட்டறையே மூடிவிட்ட பிறகு, திருத்தித் தருவதற்கு ஆளைத் தேட வேண்டியிருக்கும்.

புதிய நிறுவனம் தரும் நியமனக் கடிதத்தில் ஆண்டுக்கு இவ்வளவு என்று ஒரு பெருந்தொகை காணப்படும். பட்டறையில் வழங்கும் "கைக்கு வருவது" என்னும் கணக்கோடு அதை அப்படியே ஒப்பிடலாகாது. நிறுவனம் செலுத்தும் சேமநல நிதிப் பங்கு, பணிக்கொடைக்கென ஒதுக்குவது, காப்பீட்டுக் கட்டணம், ஆண்டு முடிவில் வந்தாலும் வரலாம் என்னும் ஊக்கத்தொகை எல்லாம் அதில் அடங்கியிருக்கும். பிடித்தம் போக மாதந்தோறும் வங்கிக்கு வருவது எவ்வளவு என்று நேராகவே கேட்டுவிடலாம். அப்படிக் கேட்பது மரியாதைக் குறைவாகாது. தொழிலாளர் மாநில காப்பீட்டில் இருப்பவர் மற்றொன்றையும் பார்க்க வேண்டும். 2017-இல் அதற்கு நிர்ணயித்த ஊதிய வரம்பு மாதம் 21,000 ரூபாய். வரம்பைத் தாண்டிய சம்பளத்தில் சேர்பவருக்கு அந்த மருத்துவமனையின் உரிமை தொடராது. புதிய நிறுவனத்தின் மருத்துவக் காப்பீட்டில் மனைவி மக்களோடு பெற்றோரும் அடங்குவார்களா, என்றிலிருந்து அடங்குவார்கள் என்பதை, வீட்டில் நோயாளி இருப்பவர் சேருமுன்பே அறிந்துகொள்ள வேண்டும். நிதியாண்டின் நடுவில் மாறுகிறவர், பழைய இடத்தில் அதுவரை பெற்ற சம்பளத்தையும் புதிய நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் வருமான வரிச் சலுகையை இரண்டு இடத்திலும் கழித்துவிட்டு, ஆண்டு முடிவில் மொத்தமாக வரி கேட்பார்கள்.

விலகும்போது பெறவேண்டிய சம்பள பாக்கியை இரண்டு வேலை நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும் என்று இப்போதைய ஊதியச் சட்டம் கூறுகிறது. பட்டறைகளில் பாக்கியைவிடக் கடினமானது விடுவிப்புக் கடிதம். நல்ல ஆளை இழக்கும் முதலாளிக்கு மனத்தாங்கல் இருக்கும். கடிதம் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போகும். பெரிய நிறுவனம் வாய்ச்சொல்லை ஏற்காது. ஆகையால் அறிவிப்புக் காலத்தை முழுவதும் வேலை செய்து, தமக்குப்பின் வருபவருக்கு இயந்திரத்தின் குணங்களையெல்லாம் காட்டிக் கொடுத்து, நல்ல முறையில் விடைபெறுவது தர்மம் மட்டுமன்று, காரிய சித்திக்கும் அதுவே வழி.

"எங்களை விட்டுப் போனால் இந்தத் தொழிலையே செய்யக் கூடாது" என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியிருந்தால் என்ன செய்வது என்று சிலர் கேட்பதுண்டு. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, ஒருவர் நியாயமான தொழில் செய்வதைத் தடுக்கும் உடன்பாடு அந்த அளவுக்குச் செல்லாது என்று கூறுகிறது. பம்பாய்க்கு அருகே கல்யாணில் டயருக்கு வேண்டிய நூலைத் தயாரித்த ஆலை ஒன்றின் ஊழியர், ஐந்தாண்டு ஒப்பந்தத்தின் நடுவிலேயே வேறு ஆலையில் சேர்ந்த வழக்கு 1967-இல் உச்சநீதிமன்றத்தின் முன் வந்தது. ஒப்பந்தக் காலத்துக்குள் போட்டி நிறுவனத்தில் வேலை செய்யக் கூடாது என்னும் தடை செல்லும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒப்பந்தக் காலம் கடந்தும் நீளும் தடை செல்லாது என்பது 2006-இல் கிரிக்கெட் ஆட்டக்காரர் ஜாகீர் கான் சம்பந்தப்பட்ட வழக்கில் மீண்டும் உறுதியாயிற்று. ஆனால் குறைந்தபட்சம் இத்தனை காலம் பணிபுரியாமல் விலகினால் இவ்வளவு தொகை செலுத்த வேண்டும் என்பது வேறு விஷயம். பொதுத்துறை வங்கி ஒன்று, மூன்றாண்டுக்குள் விலகினால் இரண்டு லட்சம் ரூபாய் என்று விதித்திருந்த நிபந்தனையை 2025 மே மாதத்தில் உச்சநீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. கையெழுத்திடுமுன் படித்துப் பார்ப்பதைத் தவிர இதற்கு வேறு பரிகாரம் இல்லை. பழைய பட்டறையின் வரைபடங்களையும் விலைப் பட்டியலையும் கூடவே எடுத்துச் செல்வது எந்தச் சட்டத்திலும் நியாயமாகாது. கைத்திறனும் அனுபவமும் போனவருடையவை, காகிதங்கள் பட்டறையினுடையவை.

பாலத்தைக் கடந்தவருக்கும் அவருடைய பழைய பட்டறைக்கும் உறவு அதோடு முடிந்துவிடுவதில்லை. ஆதித்யபூர் போன்ற இடங்களில், அவர் சேர்ந்த ஆலையே அந்தப் பட்டறையின் வாடிக்கையாளராகவும் இருப்பதுண்டு. நேற்றுவரை தாம் ஏற்றி அனுப்பிய சரக்கை இன்று வாசலில் நின்று சோதித்து ஏற்பவராகவும் அவர் ஆகலாம். சரக்கு வந்தாயிற்று, தரமும் சரி. பட்டியல் மட்டும் எங்கோ ஒரு மேசையில் கையெழுத்துக்காகக் காத்துக் கிடக்கும். 2006-ஆம் ஆண்டின் சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம், குறுந்தொழிலிலும் சிறு தொழிலிலும் வாங்கிய சரக்குக்கு, உடன்பாடு எப்படியிருந்தாலும், 45 நாளுக்குள் பணம் கொடுத்துவிட வேண்டும் என்கிறது. எழுத்தில் உடன்பாடு இல்லையென்றால் தவணை 15 நாளே. தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மும்மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டு வட்டியாக ஏறும். 2023-ஆம் ஆண்டின் நிதிச் சட்டத்துக்குப் பின், தவணை தவறிய தொகையை, உண்மையில் கொடுத்த ஆண்டில்தான் வருமான வரிக் கணக்கில் செலவாகக் கழித்துக்கொள்ள முடியும் என்றும் ஆயிற்று. இருந்தும், பெரிய வாடிக்கையாளரின் மேல் வட்டி கேட்டு மனுச் செய்யும் துணிவு எத்தனை சிறு முதலாளிகளுக்கு வரும்? அடுத்த ஆர்டர் கிடைக்காமல் போய்விடுமே என்ற அச்சத்தில் பேசாதிருப்பவர்களே மிகுதி.

ஆலையின் கணக்கு இலாகாவினருக்கு அது ஆயிரம் பட்டியல்களில் ஒன்று. அதன் மறுமுனையில் இருபத்தைந்து பேருடைய மாதச் சம்பளம் தொங்குகிறது என்பதை அந்த வரிசையிலே நேரில் அறிந்தவர், அங்கிருந்து வந்த இவர் ஒருவராகவே இருக்கலாம். சட்டத்தை எடுத்துக் காட்டி இவர் வாதிக்க வேண்டியதில்லை. சரக்கை ஏற்றுக்கொண்ட சீட்டைத் தாமதிக்காமல் அன்றே பதிவு செய்து, பட்டியல் எந்த மேசையில் நிற்கிறது என்று ஒருமுறை விசாரித்தால், பெரும்பாலும் அது அடுத்த மேசைக்கு நகர்ந்துவிடும்.